ஒழுகும் பை

கெவுளிமுனையில் நம்புத்தாய் பேக்பைப் ஊதப் பழகிய அந்த ஆடி மாதத்தில்தான் கடலில் போனவர்கள் மூச்சு வாங்க ஊருக்குள் வரத் தொடங்கினார்கள். கச்சான் காற்று மணலை அள்ளிக் கூரைகளின்மேல் கொட்டிக்கொண்டிருந்த மாதம் அது. வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன, பாசிக்குப் போகும் பெண்கள் வேலையில்லாமல் வலைக் குவியல்களின் நிழலில் உட்கார்ந்து ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வந்தவர்களை வரவேற்க ஊரில் ஆள் இருந்தது, நேரமும் இருந்தது.

நம்புத்தாயும் பாசிக்குப் போனவள்தான். கண்ணாடி மாட்டி, காலில் துடுப்பு மாதிரி தகரத்தட்டு கட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கத்துப் பாறைகளுக்கு முங்கிப்போய்ப் பாசி பறிப்பாள். அவள் முங்கினால் மேலே இருக்கிறவர்கள் ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பி முடிக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். அவளோடு எப்போதும் சேர்ந்து முங்கியவள் பூமயில், அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. போகும்போதும் வரும்போதும் வள்ளத்தில் பாடுகிறவள். அவளே கட்டிய பாட்டு அது, ஒரு மாமியாரைப் பற்றியும் ஒரு திருக்கை மீனைப் பற்றியும், எந்த அடி மாமியாருக்கு எந்த அடி திருக்கைக்கு என்று கடைசிவரை பிடிபடாத பாட்டு.

ஒரு நாள் பூமயில் முங்கினாள், எழவில்லை. அடியில் நீரோட்டம் மாறியிருந்தது. நம்புத்தாய் தேடி இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள், மனுஷி இறங்கக் கூடாத ஆழத்துக்கும் இறங்கினாள். அங்கே அவளுடைய இடது காதுக்குள் புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தக் காதில் அவள் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான். பூமயிலின் உடல் கிடைக்கவில்லை. இனிமேல் முங்கினால் மற்றக் காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முங்காதவளுக்கு மூச்சு மிச்சமாகிப்போனது. நெஞ்சுக்குள் அது கட்டிப்போட்ட ஆடு மாதிரி சுற்றிச்சுற்றி வந்தது. அடுப்பு ஊதினால் சாம்பல் எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போனது. புருஷன் கொல்லத்தில் விசைப்படகு வேலையில் இருந்தான், மகள் செண்பகம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள், வீட்டில் நம்புத்தாயும் அவளுடைய மூச்சும் மட்டும் இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் படகு முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து பேண்டு செட்டு வந்தது. அதில் ஒருவன் கட்டம்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, ஒரு பையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளில் மூன்று குழல்கள் சாய்ந்திருக்க, ஒரு குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வந்தான். பந்தல் வாசலில் நின்று, வாயை எடுத்து, சோடா கேட்டு வாங்கிக் குடித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை பாட்டு நிற்கவில்லை.

நம்புத்தாய் பக்கத்தில் நின்ற குருவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா மதினி? மூச்ச வெளிய வச்சிருக்கான்."

"வெளிய வச்சா காக்கா தூக்கிட்டுப் போயிராதா?" என்றாள் குருவம்மா.

செண்பகம் கைபேசியில் தேடி, பழகுகிறவர்களுக்கென்றே ஆகக் குறைந்த விலையில் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து அனுப்பிவைத்தாள். பார்சலைப் பிரித்தால் ரப்பர் செருப்புக் கடை வாசனை அடித்தது. குழல்களில் அடித்திருந்த வார்னிஷ் கையில் ஒட்டியது. பொருத்துகள் ஆடின, அவற்றுக்கு அவள் மெழுகு தேய்த்த வலைநூலைச் சுற்றினாள். குழலுக்குள் அதிர்ந்து சத்தம் தரும் சீவாளிகளில் ஒன்று ஊதினால் பேசவே இல்லை, இன்னொன்று ஊதாமலே பேசியது. தோளில் சாயும் மூன்று குழல்களும் நாதஸ்வரக்காரருக்கு ஒத்து ஊதுகிறவர் மாதிரி ஒரே சுருதியில் நிற்க வேண்டியவை. அவை ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி மூன்று திசைக்கு இழுத்தன. அவள் வீடியோவில் விரல்களை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகினாள். அவள் ஊதப் பழகியது வேறு எந்தப் பாட்டும் இல்லை, பூமயிலின் பாட்டைத்தான். ஊர் நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு ஊளையிட்டன, பிறகு இடம் மாறிப் படுத்துக்கொண்டன.

பையின் அடித்தையலில் ஒரு இடத்தில் காற்று ஒழுகியது. அவள் அதைக் கவனித்தாள், பிறகு தைக்கலாம் என்று விட்டுவிட்டாள். ஒரு சாயங்காலம் ஊதிக்கொண்டிருக்கும்போது தரை ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் குருவம்மாவின் புருஷன் சேதுக்காளை, எந்தக் காலத்திலோ படகோடு போய்த் திரும்பாதவர், கைலியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் குந்தியிருந்தார். தையல் ஒழுகும் இடத்தில் முகத்தை வைத்து, கன்றுக்குட்டி மடியை முட்டுகிற மாதிரி அந்தக் காற்றை எட்டிப் பிடித்தார். பிடித்து, "சாயங்காலம் வரும்போது" என்றார். அதோடு காற்று தீர்ந்துபோனது.

வாயில் குழல் இருந்ததால் நம்புத்தாய் தலையை மட்டும் ஆட்டி வாங்க என்றாள். ஊதி முடித்துவிட்டு குருவம்மா வீட்டுக்குப் போனாள்.

"மதினி, ஒங்க வீட்டுக்காரரு வந்திருக்காரு."

குருவம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள். "குடிச்சிருக்காரா?"

"இல்ல. நனைஞ்சிருக்காரு."

குருவம்மா கையைக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். பிறகு பெட்டியைத் திறந்து வேறு சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

அதன்பின் தினமும் வந்தார்கள். தண்ணீரில் மூச்சு முட்டிப் போனவர்கள் மட்டுமே வந்தார்கள். காய்ச்சலில் போனவர்களுக்கோ கயிற்றில் போனவர்களுக்கோ அந்தப் பையில் வேலையில்லை. கொல்லத்திலிருந்து நம்புத்தாயின் புருஷன் போன் பண்ணி, எங்க அம்மா வந்தாளா என்று கேட்டான். அவள் படுக்கையில் போனவள், வரமாட்டாள் என்று சொன்னதும், அதுவும் சரிதான் என்று வைத்துவிட்டான். ஊர்க்கூட்டம் போட்டார்கள். நனைந்தவர்கள் கடல் பக்கமும் காய்ந்தவர்கள் ரோட்டுப் பக்கமும் உட்கார வேண்டும், நனைந்தவர்களுக்குச் சோறு வைத்து ஏங்க வைக்கக் கூடாது, அவர்கள் பேசும்போது நடுவில் அழுது பேச்சைக் கெடுக்கக் கூடாது என்று முடிவானது. தரைக்குச் சாக்கு விரித்தார்கள். ஒருத்தி டீ கொண்டுவந்து விற்றாள். அழிக்கப்பட்ட பெயர்களை ரேஷன் அட்டையில் மறுபடி சேர்க்க வழி உண்டா என்று ஒருவர் தாலுகா ஆபீசுக்கே போய்க் கேட்டுவிட்டு, கேட்ட முறையில் ஏதோ தப்பு என்று நினைத்துத் திரும்பி வந்தார்.

ஒழுகுகிற காற்று கொஞ்சம்தான், ஆளுக்கு இரண்டு மூன்று வார்த்தைக்குத்தான் வரும். அதனால் வந்தவர்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஒருவர் கொசு அதிகமாயிருச்சே என்றார். ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்ற வேம்பு எங்கே என்று கேட்டார். ஒருவர் பீடி என்றார், தினமும் பீடி என்றே சொன்னார். சில சாயங்காலங்களில் யாருக்கும் சொந்தமில்லாதவர்கள் வந்தார்கள், அக்கரையிலிருந்து எந்தக் காலத்திலோ தோணியேறி நடுக்கடலில் கவிழ்ந்தவர்கள். அவர்களில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு நின்றபடியே, "கரை வந்திட்டுதோ?" என்று கேட்டாள். ரோட்டுப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீக்காரிதான் எழுந்து, "வந்திருச்சு தாயி. இதான் கரை. உக்காரு" என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்தாள். மறுநாள் அவள் வரவில்லை. அந்த இடத்துச் சாக்கு மட்டும் காய்ந்துகொண்டே வந்து, பிறகு முழுக்கக் காய்ந்துபோனது.

பூமயில் வந்தாள். அவள் நம்புத்தாயின் இடது பக்கத்தில், பையை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தலைமுடியில் பாசி இருந்தது. நம்புத்தாய்க்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தோளில் மூன்று குழல்கள். கடைக்கண்ணில் அவளுடைய முழங்கையும் நனைந்த சட்டைக் கையும் தெரிந்தன. நம்புத்தாய் ஊதிக்கொண்டே காத்திருந்தாள். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினால் காற்றும் நின்றுவிடும், பூமயில் சும்மா பார்ப்பாள். தினமும் இப்படியே. ஊரில் அத்தனை பேருக்கும் பேச்சு வந்தது, எனக்கு மட்டும் இல்லை, என்மேல் என்ன கோபமோ என்று நினைத்து நம்புத்தாய் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சேதுக்காளை தினமும் வந்து "சாயங்காலம் வரும்போது" என்றார். கடைசியாகக் கடலுக்குப் போன அன்று காலையில் வாசலைத் தாண்டும்போது அவர் சொன்னதும் அதுதான், மீதியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது, குருவம்மா அந்த மீதிக்காக ஒரு வாழ்க்கை காத்திருந்தாள். ஒரு நாள் அவள் வலை ஊசியோடு வந்து நம்புத்தாயின் எதிரில் உட்கார்ந்தாள்.

"நம்பு, கோவிச்சுக்காத. அந்தத் தையல இன்னும் கொஞ்சம் பிரிச்சுக்கிறேன்."

"பிரிச்சா பாட்டு நிக்காது மதினி. இப்பவே மூணாவது அடியில பை படுத்துருது."

"பாட்டு எங்கயும் போயிராது. அவரு போயிருவாரு."

நம்புத்தாய் பையை நீட்டினாள். குருவம்மா பிரித்தாள். அடுத்த நாள் இன்னொருவர் வந்து தன் அண்ணனுக்காகக் கொஞ்சம் பிரித்தார், அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. அடித்தையல் வாய் பிளந்தது. அவள் எவ்வளவு ஊதினாலும் பை பாதிக்குமேல் நிறையவில்லை, பாட்டு முதல் அடியிலேயே மூச்சிரைத்துச் செத்தது. முங்கும்போது பாறையடியில்கூட இரைக்காத அவளுடைய நெஞ்சு இப்போது தண்ணீர்க்குடம் தூக்கினால் இரைத்தது. போனில் செண்பகம், "ஏம்மா இப்படி விட்டு விட்டுப் பேசுற?" என்று கேட்டாள். காற்று அதிகமாக இருக்கிறது, கேட்கவில்லை என்று நம்புத்தாய் சொல்லிவிட்டாள்.

பெரிய ஓட்டை வழியாக ஒரு சாயங்காலம் சேதுக்காளைக்கு முழுக்காற்றும் கிடைத்தது. "சாயங்காலம் வரும்போது மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாரேன், கேன எடுத்து வையி" என்றார்.

எல்லாரும் குருவம்மாவைப் பார்த்தார்கள்.

"கேன் ஓட்டை" என்றாள் குருவம்மா. "அது அப்பவே ஓட்டை." பிறகு சிரித்தாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. சிரித்து முடித்து அவரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரி, வாங்கிட்டு வாங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து கடல் பக்கம் போனார். அதன்பின் வரவில்லை.

காத்திருக்க ஒன்றுமில்லாமல் போனபின்பும் குருவம்மா பழக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போதுதான் மற்றவர்கள் பேசுவது அவள் காதில் விழுந்தது. ஒரு நாள் எல்லாரும் போனபிறகு கேட்டாள்: "பூமயிலு தெனமும் அத்தன பேசுறா, நீ ஒரு நாளாவது மூஞ்சியத் திருப்பி ஒரு பதில் சொல்றியா?"

நம்புத்தாயின் கையிலிருந்து பை நழுவியது. "அவ பேசுறாளா?"

"ஒங் காதுகிட்டத்தான் பேசுறா."

"எந்தக் காது?"

குருவம்மா இடது கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டாள், தொட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன சொல்றா மதினி?"

"'கடைசி அடியில இழுக்காத, யக்கா'ன்னு சொல்றா. 'அங்க மேல தூக்கணும், இழுக்காத'ன்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. தெனமும் அதான்."

நம்புத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பையைக் காற்றுக்காகப் பார்த்தார்கள், ஒருத்தி மட்டும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாட்டு கடைசி அடிவரை போனதே ஓட்டை சின்னதாக இருந்த முதல் நாட்களில்தான், இப்போது அது முதல் அடியைத் தாண்டுவதில்லை, ஆனாலும் அவள் கடைசி அடிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஊர்த்தலைவர் மங்களசாமியும் தினமும் வந்தார். அவர் பேச வரவில்லை, பார்க்க வந்தார். அவருடைய மகன் நாகேந்திரன் போன படகு பலகையாகக்கூடத் திரும்பவில்லை. அவன் அக்கரையில் ஏதோ ஒரு ஜெயிலில் இருக்கிறான், கேஸ் நடக்கிறது, வருவான் என்று மங்களசாமி சொல்லுவார், ஊரும் ஆமாம் என்று சொல்லும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கடல் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நனைந்த முகத்தையும் குனிந்து பார்ப்பார். கடைசி முகத்தையும் பார்த்துவிட்டு நிமிரும்போது அவர் தோள் நிம்மதியாகக் கொஞ்சம் இறங்கும். டீ வாங்கிக் குடிப்பார். "நல்லா ஊது தாயி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு சாயங்காலம் அவர் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு முகத்துக்கு முன்னால் நின்றார். நிமிர்ந்தார். அடுத்த முகத்துக்குப் போகவில்லை. திரும்பி டீக்காரியிடம், "அது யாரு?" என்று கேட்டார்.

டீக்காரி கையில் டம்ளரோடு நின்றாள். நாகேந்திரனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"வெளியூர்ப் பய போல" என்றார் மங்களசாமி. "நம்மாளு இல்ல." சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார், செருப்பைப் போடாமலே.

மறுநாள் அவர் வரமாட்டார் என்று நினைத்தார்கள். வந்தார். வந்து ரோட்டுப் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார். நாகேந்திரன் எழுந்து, அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஊர் போட்ட வரம்பைத் தாண்டி, அப்பாவின் எதிரில் வந்து குந்தினான். நம்புத்தாய் அவனுக்காகப் பையோடு எழுந்து, ஊதிக்கொண்டே அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் ஓட்டையில் வாயை வைத்தான்.

"அப்பா" என்றான். "குளிருது."

மங்களசாமி அவனைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்து, உதறி, அவன் தோளைச் சுற்றிப் போர்த்தினார். துண்டு அவன் மேல் நிற்கவில்லை, அவன் வழியாக இறங்கித் தரையில் விழுந்தது, விழும்போதே நனைந்திருந்தது. அவர் அதை எடுத்து, பிழிந்து, மறுபடி போர்த்தினார். மறுபடி விழுந்தது. மறுபடி பிழிந்தார்.

ஊதுவதை நிறுத்த நம்புத்தாய்க்குப் பயமாக இருந்தது, ஊதவும் பயமாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்து குழலில் இறங்கியது.

"போதும்" என்றார் மங்களசாமி கடைசியில், துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு. "தச்சிரு தாயி. அவங்க வந்து வந்து போறதுலயே நனைஞ்சுக்கிட்டே இருக்காங்க. காயவே மாட்டேங்குறாங்க."

பெரிய சண்டை வந்தது. இன்னும் பேசி முடிக்காதவர்கள் இருந்தார்கள். உம் மகன் பேசிட்டான், உமக்குப் போதும், எங்களுக்குப் போதுமா என்று ஒருவர் சட்டையைப் பிடிக்க வந்தார். பீடி கேட்கிறவரின் மகள் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு" என்று கத்தினாள். நம்புத்தாய் பையை விடவில்லை. அவளுக்கும் ஒன்று பாக்கி இருந்தது, கேட்கிற வலது காதில் பூமயிலின் ஒரு வார்த்தை. தைத்தால் அது போயிற்று. இது தெரிந்தது குருவம்மாவுக்கு மட்டும்தான். அவள் கூட்டத்துக்குள் நுழைந்து நம்புத்தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். நூலும் ஊசியும் அவள் கையில் இருந்தன.

"தைக்கவா?" என்று கேட்டாள்.

நம்புத்தாய் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். பூமயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நம்புத்தாயின் விரல்களையே பார்த்துக்கொண்டு, பாட்டு எப்போது தொடங்கும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"தைங்க மதினி."

குருவம்மா இரட்டை நூலில் நெருக்கித் தைத்தாள். தையலின்மேல் மெழுகைத் தேய்த்தாள். பீடிக்காரரின் மகள் அழுதுகொண்டே கடைசியில் மெழுகுத் துண்டை வாங்கி மறுபக்கம் தேய்த்தாள், விட்டுப்போன இடம் ஒன்று இருக்கிறது என்று அவள்தான் காட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார்கள். நம்புத்தாய் ஊதினாள், பை நிறைந்தது, முதல்தடவையாக முழுக்க நிறைந்து கக்கத்தில் உயிருள்ள ஒன்று மாதிரி முட்டியது. தோளில் இருந்த பங்காளிகள் மூவரும் என்ன நினைத்தார்களோ, ஒரே சுருதியில் வந்து நின்றார்கள். நனைந்தவர்கள் தையலைத் தேடி வாயைத் திறந்தார்கள். காற்று இல்லை. திறந்த வாய்களோடு உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பார்க்க முடியாமல் ரோட்டுப் பக்கத்தில் பலர் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாட்டு முதல் அடியைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, மாமியாரும் திருக்கையும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு மூன்றாவதில் ஏறினார்கள். வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கடைசி அடி வந்தபோது நம்புத்தாய் இழுக்கவில்லை, தூக்கினாள்.

பையின்மேல் சில்லென்று ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. அது கொஞ்சநேரம் அங்கே இருந்தது. நம்புத்தாய் குருவம்மாவைப் பார்த்தாள், குருவம்மா உதட்டைப் பிதுக்கினாள், பூமயில் ஒன்றும் சொல்லவில்லை என்று. உள்ளங்கை எழுந்தது. நம்புத்தாய் கடைக்கண்ணில் பார்த்துக்கொண்டே பாட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்தாள், அவர்கள் எழுந்து, மணலில் ஈரத்தடம் பதிய, வரிசையில்லாமல், கல்யாண வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி கடல் பக்கம் போனார்கள். பூமயில் நடுவில் போனாள். அவளுடைய நடையில் தாளம் இருந்தது.

காற்று மாறியபின், வள்ளங்கள் இறங்குவதற்கு முன், ஒரு காலையில் மங்களசாமி மகனுக்குக் காரியம் செய்தார். மணலில் குழி தோண்டி அந்தத் துண்டை வைத்தார்கள், அது அதுவரை காயவே இல்லை. நம்புத்தாயை அவர் கூப்பிட்டிருந்தார். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று ஊதினாள். மங்களசாமி கல் மாதிரி நின்றார், மணல் தள்ளும்போதும் நின்றார், எல்லாம் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கும்போதுதான் அழுதார். பழக்கமில்லாத ஆளின் அழுகை, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தொண்டையில் இடறி, பிறகு ஒத்துக் குழல்களின் சுருதியைக் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொண்டு ஏறியது. நம்புத்தாய் பாட்டை முடித்துவிட்டாள், சுருதியை விடவில்லை. ஊதினாள், அமுக்கினாள், ஊதினாள். வெயில் ஏறியது. அவள் உதடு வீங்கியது. பாசிக்குப் போகும் பெண்கள் தண்ணீரில் இறங்கி அவளுக்குப் பின்னால் நின்று, முதுகில் கைகொடுத்துத் தாங்கினார்கள்.

அழுது ஓய்ந்து அவர் மணலில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நல்லா சாப்புடுவான். என்ன போட்டாலும் குறை சொல்ல மாட்டான்."

குழல்கள் தாழ்ந்து ஒலித்துக்கொண்டிருந்தன.

"நல்ல பிள்ளையா இருந்தான்" என்றார்.

இருந்தான் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தபிறகுதான் நம்புத்தாய் முழங்கையைத் தளர்த்தினாள்.